இல்லாத ஏசி மிச்சப்படுத்திய கரண்ட்

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. ஒரு ஃபேன் உண்டு. ரெகுலேட்டர் பழுதாகி ஒரே வேகத்தில் ஓடும். ஆனால் என் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரையில் எங்கள் வீட்டுக்கு ஏசி இருக்கிறது. பகல் முழுக்க ஓடுகிறது. எங்கள் கூரைமேல் அவர் பதித்த வெள்ளை ஓடுகளால் அந்த ஏசிக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிறது என்று கணக்குப் போட்டு, பச்சை நிறத்தில் ஒரு படமும் போட்டிருக்கிறோம். இல்லாத ஏசி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது, இரண்டாவதாக.

அந்தப் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு மாணவன். வீடு கடலூர் ஓல்டு டவுன், ஓ.டி. பக்கம், மீனவர் குடியிருப்பில். அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கரையில் மீன் எடுத்துக் கருவாடு போடுகிறவள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போடத்தான். நான் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழை அம்மா ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, மாதா கோயில் காலண்டருக்கும் அங்காளம்மன் படத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கிறாள்.

என் பேராசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவருக்குத் தெரிந்த விஷயம் ஆழமாகத் தெரியும். வெயில் ஒரு கட்டடத்துக்குள் எப்படி இறங்குகிறது, சுவர் எவ்வளவு பிடித்து வைக்கிறது, ராத்திரி எவ்வளவு விடுகிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்தான் அவர் துறை. அனல்மின் நிலையத்தில் மலைபோல் கொட்டிக் கிடக்கும் சாம்பலையும் நம் கடற்கரைக் கிளிஞ்சல் தூளையும் கலந்து, சூளையில் சுடாமலேயே ஓடு செய்கிற முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளைவெளேரென்று இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சிமெண்டும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். அவர் அதை விளக்கும்போது கேட்டால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆய்வகத்தில் என்னோடு இருப்பவன் அந்த அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்துக் கம்மாபுரத்துக்காரன். எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு பதிப்பது என்று முடிவான அன்றைக்கே அவன்தான் சொன்னான்.

“மச்சான், சாம்பலு எங்க ஊரு பக்கத்துது. கூரை உங்க ஊரு. பேரு மட்டும் சாருது. நல்லா இருக்குல்ல?”

“வேலையப் பாருடா,” என்றேன்.

எங்கள் வீடு சோதனை வீடானது இப்படித்தான். ஓடு தயார். பதித்துப் பார்க்க ஒரு நிஜ வீடு வேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேராசிரியர் என் டிபன் பாக்ஸைப் பார்த்தார். அம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டு வறுவல். அவருக்கு அதன்மேல் உயிர். திங்கட்கிழமை ஆனால் நான் வருவதற்கு முன்பே, “கடலூர் எக்ஸ்பிரஸ் வந்தாச்சா?” என்று கேட்பார். அன்றைக்கு இரண்டு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“உங்க வீடு கான்க்ரீட் ரூஃப்தானே?”

“ஆமா சார். சுனாமிக்கப்புறம் கட்டிக் குடுத்த வீடு.”

“அப்புறம் நாம ஏன் வெளில தேடணும்?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் நம் வீட்டுக்கு வருகிறார். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “சாரு வஞ்சிரம் துன்னுவாரா, வவ்வால் மீனு துன்னுவாரா?” என்பதுதான்.

வந்தார்கள். ஆட்களை வைத்து மெத்தை, அதாவது மொட்டைமாடி, முழுக்க ஓடு பதித்தார்கள். கூரைக்கு அடியில் அறைக்கு ஒன்றாக சென்சார் ஒட்டினார்கள். வீட்டின் சூடு எவ்வளவு என்பது சிம் கார்டு வழியாகச் சிதம்பரத்துக்குத் தானாகப் போகும். அம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, வஞ்சிரம், வவ்வால் இரண்டையும் வறுத்துவைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பேராசிரியர் மறுபடி வந்தார். கேமராவை அம்மா முகத்துக்கு நேரே பிடித்து, “இப்போ எப்படிம்மா இருக்கு வீடு?” என்றார்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: “ரொம்ப நல்லா இருக்கு சார். ஊட்டி மாரி இருக்கு.”

பொய்யில்லை. உள்ளே நிஜமாகவே சூடு குறைந்திருந்தது. விடிகாலையில் கரையேறி, பகலில் தூங்குகிற அப்பாவுக்கு அது பெரிய வரம். முன்பெல்லாம் பதினொரு மணிக்கே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டுகொண்டிருப்பார். இப்போது குறட்டை கேட்டது. ஆகவே அந்த ஓட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

கோளாறு வரைபடத்தில் ஆரம்பித்தது. தினமும் மதியம் தட்டையாகப் படுத்துக் கிடக்க வேண்டிய கோடு, சில நாட்களில் முன்னறைக்கு மேல் மட்டும் குபுக்கென்று ஏறி நின்றது. நாலைந்து நாள் ஏறும், பிறகு இறங்கிவிடும். மறுபடி ஏறும். ஓடே இல்லாத கூரைக்குக் கம்ப்யூட்டர் சொன்னதைவிட அதிகமாக ஏறியது. சென்சாரை மாற்றிப் பார்த்தேன். சிமுலேஷனை மறுபடி மறுபடி ஓட்டினேன். கம்ப்யூட்டரில் கூரை குளிர்ந்து கிடந்தது. கடலூரில் கொதித்தது.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். கொஞ்சமும் பதற்றமில்லை.

“அவுட்லையர். தூக்கிடு.”

“காரணம் தெரியலையே சார்.”

“எல்லாத்துக்கும் காரணம் தேடிக்கிட்டிருந்தா நீ பேப்பர் போடவே மாட்ட. பேட்டர்ன்ல சேராததை எடுத்துட்டு மிச்சத்தை ப்ளாட் பண்ணு.”

எடுத்துவிட்டு வரைந்தேன். கோடு அழகாகப் படுத்தது. அந்த அழகுதான் அச்சில் வந்தது. ஆனால் எடுத்துப்போட்ட நாட்கள் என் மண்டைக்குள்ளேயே இருந்தன. ஒரு சனிக்கிழமை வழக்கமான சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஆலப்பாக்கம், செம்மங்குப்பம் தாண்டி ஓ.டி.யில் இறங்கி வீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவைக் காணோம். ஏணியில் ஏறி மெத்தைக்குப் போனேன்.

முன்னறைக்கு மேலே, அந்த வெள்ளை ஓட்டின்மேல், வலைக் குவியலை மூடுகிற பெரிய கறுப்புத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதன்மேல் நெத்திலி. நடுவில் அம்மா குந்தியபடி மீனைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்த குழந்தைபோல் எழுந்தாள்.

“இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?”

“இன்னாம்மா இது?”

“இன்னா இது? நெத்திலி. பாத்ததில்லியா நீ?”

“தார்ப்பாய் எதுக்கும்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து மெத்தையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். “நல்லா கேளு தம்பி. உங்கம்மா எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்கறா. எங்க ஊட்டு மேலயும் அந்த ஓட்டத்தான் ஒட்டப் போறாங்களாமே? எங்க பொழப்ப எங்க போயி காயவெக்கிறது, உங்க சாரு மண்டமேலயா?”

“நீ சும்மா இருக்கா,” என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் மணலில் கருவாடு போடுவதில்லை. கடல் அரிக்காமலிருக்கக் கரையில் கல் கொட்டிய பிறகு மணலே குறைவு. கிடைக்கிற மணலில் போட்டாலும் வாங்குகிறவர்கள், “மண்ணு கடிக்குது,” என்று முகம் சுளிக்கிறார்கள். அதனால் கான்க்ரீட் வீடு வந்ததிலிருந்து மெத்தைதான் காயப்போடும் இடம். மெத்தைக் கருவாடு என்றால் காராமணிக்குப்பம் சந்தையில் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். காலையில் சுடச்சுட ஆகிவிடும் சிமெண்ட் தரை அடியில் இருந்து வறுக்கும், வெயில் மேலே இருந்து வறுக்கும். மத்தியானத்துக்குள் நெத்திலி கலகலவென்று ஆகிவிடும். இதில் எந்த ரகசியமும் இல்லை. எங்கள் தெருவில் எந்த மெத்தையிலும் பார்க்கலாம். நானே சின்ன வயதில் காக்கா ஓட்டியிருக்கிறேன்.

பேராசிரியரின் ஓடு சூடாவதில்லை. அதுதான் அதன் பெருமை. அதோடு, சாம்பல் ஓடு தண்ணீரைக் குடிக்கும். மீனிலிருந்து வடிகிற நீரைக் குடித்துக்கொண்டு அடியில் ஈரமாகவே கிடந்திருக்கிறது. ஓடு பதித்த பிறகு வந்த முதல் நெத்திலிப் பாடு, வலையில் வந்த அத்தனையும், மேலே காய்ந்து அடியில் அழுகி, புழுவைத்து, கோழித் தீவனத்துக்குப் போயிருக்கிறது. அம்மா எனக்குச் சொல்லவில்லை. தார்ப்பாயை விரித்திருக்கிறாள். கறுப்புத் தார்ப்பாய் சூடாகிறது, மீனும் காய்கிறது. சென்சாரும் கொதிக்கிறது. அந்தக் கருவாட்டையும் சந்தையில் வியாபாரி மோந்து பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக் வாடை ஜாஸ்தியா இருக்கு,” என்று கூடையிலேயே திருப்பிப் போட்டிருக்கிறார்.

“எங்கிட்ட ஏன்மா சொல்லல?”

“இன்னான்னு சொல்ல? உன் சாரு ஆசையா வந்து ஒட்டிட்டுப் போனாரு. உன் படிப்பு அவுரு கையில இருக்குது.”

“ஊட்டி மாரி இருக்குன்னு வீடியோவுல சொன்னியே!”

“உள்ள ஊட்டிதான். நானா உள்ள குந்தியிருக்கேன் பகல்ல? ஊட்டுக்கு வந்த வாத்தியாருகிட்ட நல்லா இல்லன்னா சொல்லுவாங்க? உனக்கு அந்த மரியாதகூட சொல்லித் தரலியா காலேஜுல?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அந்த நிமிடம் பிடிபடவில்லை. கீழே அப்பாவின் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சிமுலேஷனில் வீட்டுக்குள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்று கொடுக்க இடம் உண்டு. ஃபேன், விளக்கு, ஏசி எல்லாம் கொடுக்கலாம். கூரைமேல் ஒருத்தி குந்தி வேலை செய்கிறாள் என்று கொடுக்க இடம் கிடையாது. அதனால் அவள் இல்லை. இல்லாத ஏசி இருக்கிறது. இருக்கிற அம்மா இல்லை. அவள் வேலை செய்த நாட்களைத்தான் நான் அவுட்லையர் என்று எடுத்துப்போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

“என்னப்பா, கடலூர் எக்ஸ்பிரஸ் காலியா வருது? சீசன்தானே இது?”

“கருவாடு காயல சார்.”

“மழையா அங்க?”

“இல்ல சார். உங்க ஓட்டுமேல காய மாட்டேங்குது.”

அவர் இதை நகைச்சுவை என்று நினைத்து ரசித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். தார்ப்பாய், புழு, பிளாஸ்டிக் வாடை, அவுட்லையர் நாட்கள். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்.

“சரி, அப்போ கீழ எங்கேயாவது காயவைக்கச் சொல்லு.”

“கீழ எங்க சார்? தெருவுலயா?”

“அதுக்கு ஒரு சோலார் ட்ரையர் டிசைன் பண்ணலாம். அது தனி புராஜெக்ட். இதையும் அதையும் கலக்காதே. ரிப்போர்ட் முடியற வரைக்கும் ஓட்டுல யாரும் கை வைக்கக் கூடாது, அம்மாகிட்ட சொல்லிடு. அது புராஜெக்ட் ப்ராப்பர்ட்டி.”

எங்கள் மெத்தை எப்போது புராஜெக்ட் ப்ராப்பர்ட்டி ஆனது என்று நான் கேட்கவில்லை. கம்மாபுரத்துக்காரன் பக்கத்து மேசையிலிருந்து என் காலை மிதித்தான். பேசாதே என்று அர்த்தம். கைடு கையெழுத்துப் போடவில்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் என்ன ஆவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

அடுத்து டாக்டரல் கமிட்டி வந்தது. இதுவரை செய்ததை நான் நின்று விளக்க வேண்டும். எடுத்துப்போட்ட நாட்களை நான் படத்தில் திருப்பிச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் பேனாவால் திரையைச் சுட்டினார். “இந்த நாள்லெல்லாம் ஏன் ஏறுது?”

“கூரைமேல கருவாடு காயப் போட்டாங்க மேடம்.”

அறை சிரித்தது. எங்கள் துறையிலேயே மூத்தவர் ஒருவர், “கட்டடம் தாங்குற பாரத்துல டெட் லோடு தெரியும், லைவ் லோடு தெரியும். இது என்னய்யா, கருவாட்டு லோடா?” என்றார். மறுபடி சிரிப்பு. நல்ல ஜோக்தான். வேறு யார் வீட்டைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. “வீட்டுல ஏசி இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்போ இந்த சேவிங்ஸ் எதைவிட மிச்சம்?”

பேராசிரியர் முந்திக்கொண்டார். “எதிர்காலக் கணக்கு மேடம். இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லா வீட்லயும் ஏசி வந்துடும். அதை மனசுல வெச்சுப் போட்டது.”

தலைகள் ஆடின. அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த படத்துக்குப் போகச் சொன்னார்கள். என்றைக்கோ வரப்போகிற ஏசிக்கு இத்தனை மரியாதை. அன்றைக்குக் காலையிலும் அந்த மெத்தைமேல் குந்தியிருந்தவளுக்கு ஒரு சிரிப்பு.

வெளியே தாழ்வாரத்தில் பேராசிரியர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“உன் வீட்டுல நீதான் முதல்ல படிக்க வந்தவன். உனக்காக நான் எவ்வளவு பேர்கிட்ட பேசியிருக்கேன் தெரியுமா? வீட்டு விஷயத்தை எல்லாம் சபையில கொண்டுவந்து கொட்டணுமா?”

“என் வீட்டைத்தானே சார் நாம ஆராய்ச்சி பண்ணினோம்?”

“உங்க அம்மாவே நல்லா இருக்குன்னாங்க. வீடியோ இருக்கு எங்கிட்ட.”

அதற்குமேல் நின்றால் தவறாக ஏதாவது பேசிவிடுவேன் என்று வந்துவிட்டேன். மரியாதைக்குச் சொன்ன வார்த்தையைச் சாட்சியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். வந்தவர்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வறுத்த வவ்வாலைச் சாப்பிட்ட கையோடு மெத்தைக்கு ஏறியிருந்தால், பக்கத்து மெத்தைகளில் என்ன காய்கிறது என்று ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். படித்தவனுக்குக் கண் எதற்கு?

அந்த வாரமே ஊருக்குப் போனேன். ஓ.டி. கடைத்தெருவில் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டேன். முன்னறைக்கு மேலே இருக்கிற ஓட்டை மட்டும் பெயர்ப்பது என்று முடிவு. அப்பா தூங்குகிற பின்னறைக்கு மேல் ஓடு அப்படியே இருக்கட்டும். அது அவருக்கு நல்லது. அம்மாதான் தடுத்தாள்.

“வாணாண்டா. சாரு கோச்சிக்கப் போறாரு.”

“கோச்சிக்கட்டும்.”

“கையெழுத்துப் போட மாட்டாரு.”

“நீ தள்ளு.”

சரியாகப் பிடித்திருந்தது அந்தச் சாம்பல் ஓடு. நல்ல சரக்கு. உளி துள்ளியது, வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியம்மா தன் மெத்தைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “இன்ஜினீயருக்குப் படிக்கவெச்சது இதுக்குத்தானா தங்கச்சி?” என்று அம்மாவைச் சீண்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார். உடையாமல் வந்த ஓடுகளைக் கீழே அடுக்கினேன். அவை புராஜெக்ட் ப்ராப்பர்ட்டி அல்லவா. பழைய சிமெண்ட் தரை வெளியே வந்தது. அடுத்த நாள் அதில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அம்மா கூடையோடு ஏறிவந்து நெத்திலியைக் கொட்டிப் பரப்பினாள்.

அப்போதுதான் போன் வந்தது.

“ஃப்ரண்ட் ரூம் ரீடிங் ஏறுதே. மறுபடி தார்ப்பாயா?”

“இல்ல சார். ஓட்ட எடுத்துட்டோம். பாதி.”

“யார் பர்மிஷன் கொடுத்தா?”

அம்மாவைப் பார்த்தேன். குந்தியபடி மீனைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்காரங்க சார்.”

வைத்துவிட்டார்.

“இன்னாவாம் சாருக்கு?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.”

“காஞ்சதும் அவுருக்கு ஒரு பொட்டலம் கட்டித் தரேன், எடுத்துக்கிட்டுப் போ. ஆசையா கேட்டாருன்னியே.”

“ஒண்ணும் வாணாம்.”

“அடச்சீ! சோத்து விசயத்துல கோவத்தக் காட்டுவாங்களா? எடுத்துக்கிட்டுப் போடா.”

எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “நெத்திலியா தம்பி?” என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்தார். பேராசிரியர் அறையில் இல்லை. அவர் மேசைமேல் பொட்டலத்தை வைத்தேன். அதன் பக்கத்தில், திருத்தி எழுதிய அத்தியாயத்தையும் வைத்தேன். அதில் ஏசி கிடையாது. எந்த நாளும் விடுபடவில்லை. கூரையின் ஒரு பாதியில் ஒருவர் அடியில் தூங்குகிறார், மறுபாதியின் மேல் ஒருவர் வேலை செய்கிறார் என்று எழுதி, இரண்டுக்கும் தனித்தனியே சிமுலேஷன் ஓட்டியிருக்கிறேன். ஏசி போட்டுப் படம் வரையத் தெரிந்த எனக்கு, இதுவும் வரையத் தெரியும்.

பொட்டலம் அன்று மாலையே அவர் பையோடு வீட்டுக்குப் போய்விட்டது. ரொம்ப மொறுமொறுப்பு என்று கம்மாபுரத்துக்காரனிடம் சொன்னாராம். அத்தியாயம் இன்னும் அந்த மேசைமேல்தான் கிடக்கிறது.